பின்னால் சாய்ந்த தையல்

பிப்ரவரி 3

அன்புள்ள வாலு,

அக்கா எழுதுகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முனகுகிறது. உன் உடம்பைப் பற்றி நீயாக ஒரு வரி எழுதமாட்டாய், அதனால் நானே கேட்கிறேன். இருமல் நின்றதா? மத்தியானம் ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா, இல்லை டீயிலேயே நாளை ஓட்டுகிறாயா?

ஒரு நல்ல செய்தி. கடையில் சோதனை மேசை எனக்கு வந்துவிட்டது. பதினோரு வருஷம் பைகளைத் துடைத்து, அடுக்கி, முன்பு அந்த மேசையில் இருந்த பெரியவரின் முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்ததற்குப் பலன். அவர் ஓய்வு பெற்றுப் போகும்போது பூதக்கண்ணாடியை என் கையில் கொடுத்து, "இனிமே தப்பு நடந்தா உன் தலைதான் உருளும்" என்று சொல்லிவிட்டுப் போனார். வாழ்த்து என்றால் இப்படியல்லவா இருக்கவேண்டும்!

எங்கள் வியாபாரம் உனக்குத் தெரியும். வசதியானவர்கள் அலுத்துப்போய்த் தள்ளிவிடுகிற பெரிய கம்பெனிக் கைப்பைகளை வாங்கி, சுத்தம் செய்து, மறுபடி விற்கிறோம். பத்து வந்தால் மூன்று போலி. ஒவ்வொரு பைக்கும் ஒரு சீட்டு எழுதவேண்டும். அதில் தோல், முத்திரை, உலோகம், தையல் என்று நான்கு கட்டங்கள். அடியில் அசல் அல்லது போலி என்று எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும். போலி என்று எழுதினால் எழுதியவரே அதைக் கத்தரியால் இரண்டாக வெட்டிப்போடவேண்டும். கொண்டுவருகிறவர்கள் இதற்குச் சம்மதித்து வாசலிலேயே கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள்.

நேற்று ஒரு பையைத் திறந்த உடனேயே மூக்கு சொல்லிவிட்டது. அசலில் தோல் வாசனைதான் வரும். போலியில் பசை நெடி முகத்தில் அடிக்கும். கண்ணாடியை எடுக்கவே தேவையில்லாமல் போயிற்று.

நீ தைக்கிற பள்ளிக்கூடப் பைகள் எப்படிப் போகின்றன? உங்கள் பட்டறையில் போனை ஏன் வாசலிலேயே வாங்கிப் பூட்டி வைக்கிறார்கள்? பள்ளிக்கூடப் பைக்கு அப்படி என்ன ராணுவ ரகசியம்? போகட்டும், இந்தச் சாக்கிலாவது உன் கையெழுத்தைப் பார்க்கிறேன்.

பனியில் தலையை மூடிக்கொண்டு வெளியே போ.

அன்புடன்,
அக்கா


பிப்ரவரி 21

அன்புள்ள போலீஸ் அக்காவுக்கு,

வாலு எழுதுவது. இருமல் போய்விட்டது. சாப்பாடு, தூக்கம் எல்லாம் நேரத்துக்கு நடக்கிறது. உன் முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொள், மாடிப்படியைத் திட்டாதே.

மேசை கிடைத்தது ரொம்ப சந்தோஷம். பக்கத்தில் தைக்கிறவர்களுக்கெல்லாம் உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். மேனேஜர்கூட நின்று கேட்டார். "உங்க அக்கா பெரிய ஆள்தாம்ப்பா" என்றார். எனக்குக் காலரைத் தூக்கி விட்டுக்கொள்ளவேண்டும்போல இருந்தது.

நீ இந்த வேலைக்கென்றே பிறந்தவள். எனக்குப் பத்து வயதில், அப்பாவின் பழைய கால்சட்டையைக் கிழித்து உனக்கு ஒரு பை தைத்தேனே, ஞாபகம் இருக்கிறதா? அம்மா இறந்த வருஷம் அது. கடைசித் தையல் மட்டும் எனக்கு எப்போதும் பின்னால் சாய்ந்துவிடும். நீ அதைப் பிரித்துவிட்டு, "திரும்பத் தைடா" என்றாய். மூன்று தடவை பிரித்தாய். நாலாவது தடவையும் சாய்ந்தது. நீ ஒன்றும் பேசாமல் பையை எடுத்து மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாய். நன்றாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை? ஊஹும். போலீஸ் என்று பேர் வைத்தது அன்றைக்குத்தான்.

மூக்கை வைத்து மட்டுமா கண்டுபிடிக்கிறாய்? வேறு எதையெல்லாம் பார்ப்பாய்? விவரமாக எழுது. இங்கே எனக்குப் பொழுதே போகவில்லை.

அன்புடன்,
வாலு


மார்ச் 12

அன்புள்ள வாலு,

நலம்தான். எண்ணெய் தேய்த்தேன், முழங்கால் இப்போது வழுக்கிக்கொண்டு வலிக்கிறது.

என் வேலையைப் பற்றி இதுவரை யாருமே கேட்டதில்லை. நீ கேட்டதும் தலைகால் புரியவில்லை, அதனால் கடிதம் நீண்டால் பொறுத்துக்கொள்.

இப்போது எங்கள் கடையில் அதிகம் வருவது 'பிறை' என்கிற பை. அரைவட்டமாக, தேன் நிறத்தில் இருக்கும். அதன் முத்திரை எழுத்துகளை விரலால் தடவினால் எல்லாம் ஒரே ஆழம். போலியில் முதல் எழுத்து அழுந்தியிருக்கும், கடைசி எழுத்து மேலோடு நிற்கும். கைப்பிடியின் ஓரப் பூச்சை நகத்தால் கீறிப் பார்ப்பேன். அசலில் ஐந்து தடவை பூசிக் காயவைக்கிறார்கள், அதனால் உரியாது. போலியில் இரண்டு தடவையோடு கையைக் கழுவிவிடுகிறார்கள். ஜிப்பின் பிடி கனமாக இருக்கவேண்டும். உள்துணியில் கோடுகள் உண்டு. இரண்டு பக்கத்துக் கோடும் மூலையில் ஒன்றையொன்று சரியாகச் சந்திக்கவேண்டும். போலி தைக்கிறவனுக்கு அதற்கெல்லாம் பொறுமை ஏது?

கால்சட்டைப் பையை மறக்கவில்லை. பாராட்டினால் தலையில் ஏறிக்கொள்வாய் என்று சொல்லவில்லை. ஏறியிருந்தால் என்ன குடி முழுகியிருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

மேனேஜருக்கு என் வணக்கத்தைச் சொல். வேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அக்கா


ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் அப்படியே இருக்க வேண்டுகிறேன்.

கடிதம் கிடைத்தது. எனக்கு இங்கே ஒரு மேசையின் பொறுப்பைக் கொடுத்திருக்கிறார்கள். என் கீழே ஆறு பேர். வேலை முதுகை முறிக்கிறது, அதனால் சுருக்கமாக எழுதுகிறேன். ஒரே ஒரு சந்தேகம். அந்த ஓரப் பூச்சு ஐந்து தடவை என்றாயே, நடுவில் தேய்த்துவிட்டுப் பூசுவார்களா, அப்படியே பூசுவார்களா? சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

அன்புடன்,
வாலு


ஏப்ரல் 15

அன்புள்ள வாலு,

மேசைப் பொறுப்பா! கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டேன். முதலாளியம்மா, "அக்காவும் தம்பியும் ஆளுக்கொரு மேசையப் புடிச்சிட்டீங்களா?" என்று சிரித்தார்.

தேய்த்துவிட்டுத்தான் பூசுவார்கள். ஒவ்வொரு தடவையும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


ஜூன் 24

அன்புள்ள வாலு,

இரண்டு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே? எனக்கு உடம்பு சரியாக இருக்கிறது, மனசுதான் சரியில்லை.

நான் தப்பு செய்துவிட்டேன். மே மாதம் ஒரு பிறைப் பைக்கு அசல் என்று எழுதினேன். அதை வாங்கியவர் ஓய்வுபெற்ற நர்ஸ். முப்பத்தாறு வருஷம் ஆஸ்பத்திரியில் நின்றே காலம் தள்ளியவர். "ஒரு நல்ல பொருளாவது எனக்குன்னு வாங்கிக்கணும்னு ஆசைம்மா" என்று சொல்லி வாங்கிப்போனார். போன வாரம் கைப்பிடி வளையத்தை இறுக்குவதற்காகக் கம்பெனியின் கடைக்கே கொண்டுபோயிருக்கிறார். பத்து பேர் பார்க்க, இது எங்களுடையது இல்லை என்று திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். திருடியைப் பார்க்கிறமாதிரி பார்த்தார்களாம். நேராக என் மேசைக்கு வந்தார். சத்தம் போடவில்லை. "நீங்கதானே பாத்துச் சொன்னீங்க?" என்று மட்டும் கேட்டார்.

முதலாளியம்மா அவருக்குச் சேரவேண்டியதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். பையை மட்டும் அந்த அம்மா விடவில்லை. "வெட்டறதுக்காக் குடுக்கணும்? பை என்ன பாவம் பண்ணிச்சு?" என்று தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டார். அவர் போனபிறகு முதலாளியம்மா என்னிடம், "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா மேசைய வேற ஆளுக்குத்தான் குடுக்கணும்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.

இப்போது வருகிற போலிகளில் பசை நெடி இல்லை. முத்திரை ஒரே ஆழம். உள்துணிக் கோடுகள் மூலையில் பிசகாமல் சந்திக்கின்றன. ஓரப் பூச்சு ஐந்து தடவை. நடுவில் தேய்த்திருக்கிறார்கள்.

பதில் எழுது.

அக்கா


ஜூலை 8

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலமாக இருக்கிறேன். எழுதாததற்கு மன்னித்துக்கொள். வேலை.

அந்த நர்ஸம்மா அப்புறம் வந்தாரா? அழுதாரா? அவருக்குக் கூடப்பிறந்தவர்கள், பிள்ளைகள் இருக்கிறார்களா? நீ அவரைப் பார்த்தால் எழுது.

அக்கா, நீ அந்த வேலையை விட்டுவிடேன். பதினோரு வருஷம் கண்ணைக் கெடுத்துக்கொண்டது போதும். வேறு ஏதாவது சின்ன வேலையாகப் பார். எனக்கு வேறு என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

வாலு


ஜூலை 20

அன்புள்ள தம்பிக்கு,

இங்கு நலம். அங்கும் நலம் என்று நம்புகிறேன்.

நர்ஸம்மாவுக்கு யாரும் இல்லை. அழவில்லை.

வேலையை விடச் சொல்கிறாய். விடமாட்டேன். என்னிடம் இன்னும் ஒரு அடையாளம் மிச்சம் இருக்கிறது. பெரியவருக்கும் தெரியாது, முதலாளியம்மாவுக்கும் தெரியாது. உனக்கு மட்டும் சொல்கிறேன். பிறைப் பையின் உள்ளே ஜிப்புக்குக் கீழே ஒரு சின்னப் பாக்கெட் உண்டு. அதன் ஓரத்தில், கடைசித் தையல் மட்டும் பின்னால் சாய்ந்திருக்கும். எல்லா அசல் பையிலும் அப்படித்தான். இது இருந்தால் அசல், இல்லாவிட்டால் போலி.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


செப்டம்பர் 19

தம்பிக்கு,

இரண்டு மாதமாக நீ பதில் போடவில்லை. பதில் வேறு வழியாக வந்து சேர்ந்துவிட்டது.

இந்த வாரம் எங்கள் கடைக்கு ஒன்பது பிறைப் பைகள் வந்தன. ஒன்பதையும் வரிசையாக மேசையில் வைத்து, உள்பாக்கெட்டை வெளியே இழுத்துக் கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். ஒன்பதிலும் கடைசித் தையல் பின்னால் சாய்ந்திருக்கிறது.

அசலில் அப்படி ஒரு தையலே கிடையாது. நானாக இட்டுக்கட்டி உனக்கு மட்டும் எழுதியது. கடிதத்தைத் தபாலில் போட்டபிறகு, இது வராமல் போகவேண்டும், என் தம்பிமேல் நான் சந்தேகப்பட்டது பாவமாகப் போகட்டும் என்று தினமும் வேண்டிக்கொண்டேன். ஒவ்வொரு பை வரும்போதும் முதலில் உள்பாக்கெட்டைத்தான் திறந்தேன்.

பள்ளிக்கூடப் பை என்றாய். நானும் நம்பினேன். என் வேலையை ஆசையாகக் கேட்கிறானே என்று பக்கம் பக்கமாக எழுதினேன். நான் எழுதியதை வைத்தே என் கண்ணில் மண்ணைத் தூவினாய். அம்மா போனபிறகு உன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரியாத குறையாக வளர்த்தேன். அதற்கு இதுவா?

ஒன்பதையும் நானே வெட்டினேன். முதலாளியம்மாவிடம் சாய்ந்த தையலைக் காட்டிவிட்டேன். மற்ற ஊர்க் கடைகளுக்கும் அவர் சொல்லிவிட்டார். இனி இந்தப் பைகள் எங்கே போனாலும் மாட்டும். யார் தைத்தது என்று மட்டும் சொல்லவில்லை. அதைச் சொல்ல வாய் வரவில்லை.

இனிமேல் எனக்கு எழுதாதே.


அக்டோபர் 17

அக்காவுக்கு,

எழுதாதே என்றாய். இந்த ஒன்றை மட்டும் படித்துவிடு. கையெழுத்து கோணல்மாணலாக இருக்கும், ஓடுகிற பஸ்ஸில் எழுதுகிறேன். நான் நன்றாக இருக்கிறேன். நீ எப்படி இருக்கிறாய்?

முதலில் தெரியாமல்தான் நடந்தது. உன் முதல் கடிதத்தைப் பெருமைக்குப் படித்தேன். மறுநாளே மேனேஜர் பசையை மாற்றிவிட்டார். "இன்னும் கேட்டு எழுதுப்பா" என்றார். என்ன நடக்கிறது என்று அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்துதான் கேட்டேன். அதற்குச் சாக்கு எதுவும் சொல்லமாட்டேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நீ அசல் என்று எழுதின பையை நர்ஸம்மா வாங்கினார் இல்லையா, அது நான் தைத்ததாகத்தான் இருக்கவேண்டும். உன் கடிதத்தைப் படித்தபோது எனக்கு முதலில் வந்தது சந்தோஷம், அக்கா. என் தையல் உன் கண்ணாடிக்குக் கீழே போய் நின்று பிழைத்துவிட்டது என்று ஒரு நிமிஷம் சந்தோஷப்பட்டேன். அந்த அம்மாவின் நினைப்பு அதற்கப்புறம்தான் வந்தது. அந்த ஒரு நிமிஷத்தை என்னால் மன்னிக்கமுடியவில்லை.

பின்னால் சாய்ந்த தையல் பொய் என்று படித்த உடனேயே எனக்குத் தெரியும். நாங்கள் அசல் பையை வாங்கி, நூல் நூலாகப் பிரித்துத்தான் அளவெடுக்கிறோம். அதில் அப்படி எதுவும் இல்லை. அது கால்சட்டைப் பையின் தையல். என்னுடையது. நீ கண்டுபிடித்துவிட்டாய் என்று தெரிந்தது. இத்தனை வருஷம் அதை நினைவில் வைத்திருக்கிறாய் என்றும் தெரிந்தது. அன்று ஊசியைக் கையில் எடுக்கமுடியாமல் உட்கார்ந்திருந்தேன்.

இல்லை என்று உனக்கு எழுதியிருக்கலாம். ஆமாம் என்று எழுதியிருக்கலாம். இரண்டுக்கும் தைரியம் வரவில்லை. அதனால் தைத்தேன். அக்கா சொன்ன ரகசியம் என்று மேனேஜரிடம் சொன்னேன், நம்பிவிட்டார். அதற்கப்புறம் எங்கள் மேசையிலிருந்து போன எழுபது பையிலும் அந்தக் கடைசித் தையலை நானே போட்டேன். ஒன்றுகூட உன் கண்ணுக்குத் தப்பக்கூடாது என்றுதான்.

இப்போது அங்கே வேலை இல்லை. உறையின் பின்பக்கம் இருப்பது ஒரு நண்பனின் அறை முகவரி. இனிமேல் தைக்கிற உத்தேசம் இல்லை. கையில் கொஞ்சம் சுளுக்கு, வேறொன்றும் இல்லை.

முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொள்.

வாலு


அக்டோபர் 28

என் கண்ணே, வாலு,

நலமா என்று இந்தத் தடவை கேட்கமாட்டேன். நலம் என்றுதான் எழுதுவாய்.

உன் கடிதத்தைக் கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். எனக்குப் பழகிய வேலை அது ஒன்றுதானே. ஓடுகிற பஸ்ஸில் எழுதினால் எழுத்து குதிக்கும். இது குதிக்கவில்லை. ஒவ்வொரு எழுத்தையும் நிறுத்தி, அழுத்தி, புதிதாக எழுதப் பழகுகிற பிள்ளைமாதிரி எழுதியிருக்கிறாய். எல்லாம் இடதுபக்கம் சாய்கிறது. ஒவ்வொரு வரியிலும் காயாத மையைக் கை தேய்த்துக்கொண்டே போயிருக்கிறது. இடது கையால் எழுதியிருக்கிறாய்.

வலது கையை என்ன செய்தார்கள்?

நான்தான் எல்லாக் கடைக்கும் சொல்லவைத்தேன். நீ என்னிடம் உண்மையை ஒப்புக்கொள்ளப் போட்ட தையலை, நான் உன்னைக் காட்டிக்கொடுக்கிற அடையாளமாக ஆக்கிவிட்டேன். பைகள் எல்லாக் கடையிலும் மாட்டினால் யார் தலையில் விடியும் என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். கோபம் கண்ணை மறைத்தது. எத்தனையோ போலியைப் பார்த்த கண், அதை மட்டும் பார்க்கவில்லை. அழுது அழுது எனக்கு முகம் வீங்கியிருக்கிறது. உன்னிடம் மறைக்க ஒன்றுமில்லை.

முதலாளியம்மாவிடம் நேற்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கடிதங்கள், நீ, நான், எல்லாம். அவர் கடைசிவரை கேட்டார். அப்புறம், "சாவிய வச்சிட்டுப் போங்க" என்றார். மேசைச் சாவியை வைத்துவிட்டு வந்தேன். நர்ஸம்மா வீட்டுக்கும் போனேன். கதவுக்குப் பின்னால் ஆணியில் அந்தப் பை தொங்கிக்கொண்டிருந்தது. தைத்தது என் தம்பி என்று சொல்லி மன்னிப்புக் கேட்டேன். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. சொல்லவேண்டும் என்று நானும் எதிர்பார்க்கவில்லை. "கையில அடின்னா எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்க. சுளுக்குன்னு விட்டா விரல் கோணிக்கும்" என்றார். ஒரு டாக்டரின் பேரையும் எழுதிக் கொடுத்தார்.

சாவியைக் கொடுப்பதற்கு முன்னால் என் மேசைக்குக் கடைசியாக ஒரு பை வந்தது. அதுவும் பிறை, அதுவும் உன்னுடையது. இந்தத் தடவை அவசரப்படாமல் பார்த்தேன். வளைவில் ஒரு தையல்கூட இறங்கவில்லை, ஏறவில்லை. நூல் எங்கேயும் இழுபடவில்லை. கடைசியில் ஒன்று மட்டும் பின்னால் சாய்ந்து நின்றது.

வெட்டத்தான் வேண்டியிருந்தது, வெட்டினேன். உள்பாக்கெட்டை மட்டும் தனியாகக் கத்தரித்து எடுத்துவைத்திருக்கிறேன். சீட்டில் அடியில் போலி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நாலாவது கட்டத்தில், தையலுக்கு நேரே, குறை இல்லை என்று எழுதினேன். பத்து வயதிலேயே உன்னிடம் சொல்லியிருக்கவேண்டியது, வாலு.

வெள்ளிக்கிழமை பஸ் ஏறுகிறேன். சனிக்கிழமை மத்தியானம் அங்கே இருப்பேன். அறை வாசலில் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு நிற்காதே.

அக்கா